கப்போர்டில் போர்டு எங்கிருந்து வந்தது? ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் பிறப்பைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி ஆங்கிலச் சொற்களுக்கு வேர் தேடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சொல்லை இரண்டாக உடைப்பார்கள், இரண்டு துண்டுக்கும் இன்றைய பொருளைப் போடுவார்கள், நடுவில் ஒரு கதையைக் கட்டிவிடுவார்கள். கதை கேட்க நன்றாக இருக்கும். பிறகு பழைய ஏடு ஒன்று கிடைக்கும், கதை உடைந்துபோகும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றினால் அந்தச் சறுக்கல் குறையும். கப்போர்டு என்ற ஒரே சொல்லை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எடுத்துப் போகிறேன். அதில் காட்ட முடியாத விஷயத்துக்கு மட்டும் வேறு சொல்லைத் தொடுகிறேன்.

1. உட்காரும் முன் என்னென்ன வேண்டும்

ஒரு நோட்டு. பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: ஆண்டு, எழுத்து வடிவம், அந்தச் சொல் வந்த வாக்கியம், அது கிடைத்த இடம். நான்காவது கட்டத்தைச் சோம்பல்பட்டு விடுகிறவர்கள் இரண்டு வாரம் கழித்து அதே வாக்கியத்தைத் தேடி அலைவார்கள். நானும் அலைந்திருக்கிறேன்.

நோட்டில் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். இந்த வழிகாட்டி தமிழ் எழுத்தில் இருக்கலாம், உங்கள் தேடல் இருக்க முடியாது. நம் 'ப' ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகளுக்கு வேலை செய்கிறது. கப்போர்டின் கதையில் பாதி, அந்த இரண்டு எழுத்துகளில் ஒன்று மற்றொன்றை விழுங்கிய கதை. தமிழில் எழுதினால் அது கண்ணுக்கே தெரியாது.

அகராதிகளில் முதன்மையானது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. முழுசாகப் பார்க்கச் சந்தா வேண்டும். பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்த அதன் முதல் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அதன் தேதிகளை அப்படியே நம்பக் கூடாது. ஏன் என்று 5-ஆம் படியில் வரும். 1100-க்கும் 1500-க்கும் இடைப்பட்ட ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி. அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலத்துக்கு பாஸ்வொர்த்–டோலர் அகராதி. இந்த இரண்டும் இணையத்தில் இலவசம்.

2. எங்கே இடிக்கிறது என்று குறியுங்கள்

முதலில் இன்றைய பொருளை ஒரு வரியில் எழுதுங்கள். கப்போர்டு: கதவும் உள்ளே தட்டுகளும் வைத்த, சாமான் வைக்கிற இடம். பிறகு துண்டுகளின் இன்றைய பொருள்: கப் என்றால் கோப்பை, போர்டு என்றால் பலகை. இப்போது எது ஒட்டவில்லை என்று கேளுங்கள். துணி அடுக்குகிற கப்போர்டில் கோப்பை ஏது? பலகை என்றால் கதவு எங்கிருந்து முளைத்தது?

இந்த இடிக்கிற இடங்கள்தான் நுழைவாசல். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிற கூட்டுச்சொல் பெரும்பாலும் புதுசு. பிளாக்போர்டு என்றால் கரும்பலகை, அவ்வளவுதான். 18-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் கிடைக்கிற சொல், தோண்ட ஒன்றும் இல்லை.

அடுத்து, காதால் கேளுங்கள். நாம் எழுத்தைப் பார்த்து 'கப்-போர்டு' என்று முழுசாகச் சொல்கிறோம். ஆங்கிலேயர் வாயில் அது 'கபர்ட்'. கப்பின் கடைசி எழுத்து ஒலிப்பதே இல்லை. போர்டு 'பர்ட்' என்று சுருங்கிக் கிடக்கிறது. ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் அழுத்தம் முதல் துண்டில் விழும், அதனால் இரண்டாம் துண்டு காலப்போக்கில் தேயும். பிரேக்ஃபாஸ்ட் அவர்கள் வாயில் 'பிரெக்ஃபஸ்ட்' ஆனதும் இப்படித்தான். தேய்மானம் அதிகமென்றால் சொல் பழசாக இருக்கலாம். இது ஊகம் மட்டுமே; நோட்டில் பென்சிலால் எழுதுங்கள்.

நம் ஊர் உச்சரிப்பை வைத்து இந்தப் படியைச் செய்யாதீர்கள். அகராதியில் ஒலி பொத்தான் இருக்கிறது, அழுத்திக் கேளுங்கள்.

3. அது கூட்டுச்சொல்தானா?

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டுச் சொல் ஒன்று ஆங்கிலத்துக்குள் வந்தால், பேசுகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த துண்டுகளாக அதை மாற்றிக்கொள்வார்கள். பார்த்தால் கூட்டுச்சொல், உள்ளே ஒன்றும் கிடையாது.

காக்ரோச் என்ற கரப்பான்பூச்சியில் சேவலும் இல்லை, மீனும் இல்லை. இரண்டு துண்டுக்கும் ஆங்கிலத்தில் அப்படியொரு பொருள் உண்டு என்பதால் ஒருவர் எங்கள் குழுவில் அரை மணி நேரம் வாதாடினார். அது ஸ்பானிஷ் 'குகராச்சா'. 1624-இல் வந்த வர்ஜீனியா பற்றிய நூலில் கேப்டன் ஜான் ஸ்மித், ஸ்பானியர்கள் 'ககரூச்' என்று சொல்லும் பூச்சி என்றே எழுதியிருக்கிறார். சொல் ஆங்கிலத்துக்குள் நுழைகிற தருணம் அந்த எழுத்துக்கூட்டலில் அப்படியே தெரிகிறது. கிரேஃபிஷ் என்ற இறால் போன்ற உயிரியின் பெயரில் மீன் இல்லை, பழைய பிரெஞ்சு 'க்ரெவிஸ்'. பென்ட்ஹவுஸில் வீடு இல்லை. 'பென்டிஸ்' என்று வந்த சொல், பிரதான கட்டடத்தில் ஒட்டிய சார்ப்பு. ஹாம்பர்கரில் ஹாம் என்கிற பன்றி இறைச்சியும் இல்லை, ஹாம்பர்க் என்ற ஜெர்மன் ஊர்ப்பெயர்தான் இருக்கிறது. தப்பாக உடைத்த அந்த 'பர்கர்' பிறகு தனியே கிளம்பி 1930-களில் சீஸ்பர்கர் ஆகிவிட்டது.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. கேட்டமரான். ஆங்கிலேயர் ஒருவர் அதில் பூனையைத் தேடினால் நாம் சிரிப்போம், கட்டு, மரம் இரண்டும் நம் கண்முன் இருப்பதால். 1697-இல் அச்சான வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. அது கூட்டுச்சொல்தான், ஆனால் கூட்டியது தமிழ். எந்த மொழியில் கூட்டினார்கள் என்பதும் இந்தப் படியில் கேட்க வேண்டிய கேள்வி.

கப்போர்டுக்குச் சோதனை எளிது. இடைக்கால ஆங்கிலத்திலேயே இரண்டு துண்டும் தனித்தனியாக, தெளிவாக நிற்கின்றன. வேறு மொழிச் சொல் எதுவும் பின்னால் ஒளிந்திருக்கவில்லை. மேலே போகலாம்.

4. பொருளைத் தொடாதீர்கள், முதலில் எழுத்து வடிவங்கள்

அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய எழுத்து வடிவங்களின் பட்டியல் இருக்கும். புதியவர்கள் அதைத் தாண்டி நேராகப் பொருளுக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். பொருளை எழுதியவர் அகராதிக்காரர். எழுத்து வடிவத்தை எழுதியவர் அந்தக் காலத்து ஆள். அவர் எப்படிக் கேட்டாரோ அப்படி எழுதினார்.

கப்போர்டு முதலில் 'குப்பெபோர்ட்' போல இரண்டு துண்டும் தெரிய வருகிறது. பின்னால் வரும் வடிவங்களில் கப்பின் கடைசி எழுத்து காணாமல் போய், போர்டின் முதல் எழுத்து இரட்டிக்கிறது. ஆக மக்கள் வாயில் இரண்டும் ஒட்டிப்போன பிறகும் எழுதப்படுகிற சொல் இது. இன்று நாம் எழுதும் வடிவம், வேர் தெரிந்த படித்தவர்கள் பிடித்து வைத்துக்கொண்டது.

எழுத்து சொல்லாததைச் சில சமயம் எதுகை சொல்லும். 1805-இல் லண்டனில் அச்சான குழந்தைப் பாட்டில் வரும் கிழவி மதர் ஹப்பர்ட், நாய்க்கு எலும்பு எடுக்கப் போவது கப்போர்டுக்கு. 'ஹபர்ட்', 'கபர்ட்' என்று ஒலித்தால் மட்டுமே அந்த இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று சேரும். எழுத்து பழையபடியே இருக்க, ஒலி எப்போதோ மாறிவிட்டது என்பதற்கு நர்சரிப் பாட்டே சாட்சி.

தேடும்போது இரண்டு கவனம். கூட்டுச்சொல் ஒன்றாக ஒட்டுவதற்கு முன் இடைவெளி விட்டும், நடுவில் கோடு போட்டும் எழுதப்பட்டிருக்கும். மூன்று வடிவத்திலும் தேடுங்கள். 1800-க்கு முந்தைய அச்சில் எஸ் எழுத்து நீளமாக, எஃப் போல இருக்கும். கணினி அதை எஃப் என்றே படித்து வைத்திருக்கும். தேடியும் வரவில்லை என்பதால் அந்தச் சொல் அப்போது இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

5. முதல் பதிவைக் கண்டுபிடித்து, முழு வாக்கியத்தையும் படியுங்கள்

ஆண்டை மட்டும் குறித்துக்கொண்டு ஓடுவதுதான் இங்கே நடக்கிற பிழை. ஆண்டைவிட வாக்கியம் முக்கியம். சொல்லைச் சுற்றி என்ன பொருள்கள், யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

கப்போர்டுக்கு அகராதிகள் காட்டும் மிகப் பழைய இடங்களில் ஒன்று, ஒரேயொரு கையெழுத்துப் பிரதியில் தப்பிப் பிழைத்த ஒரு கவிதை. அந்தப் பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பாபிலோன் அரசன் பெல்ஷாசரின் விருந்துக் காட்சி. விருந்துக்குத் தயார் செய்கிறார்கள், நிறைய கப்போர்டுகளின் மேல் வெள்ளைவெளேர் என்று துணி விரிக்கிறார்கள்.

ஒரு நிமிடம் நிறுத்தி அந்தத் துணியைப் பாருங்கள். கதவு திறந்து மூடுகிற பெட்டியென்றால், விருந்து வேளையில் கதவைத் திறந்து எதையாவது எடுத்திருப்பார்கள். இங்கே விரிப்பு விரிக்கிறார்கள். விருந்து மண்டபத்தில் வெள்ளை விரிப்பு போடுகிற இடம் எது? மேசை. பொருள் அகராதிக்காரர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வாக்கியமே காட்டிக்கொடுக்கிறது. எங்கள் குழுவில் இந்த இடம் வரும்போது யாராவது ஒருவர் 'அட' என்பார். அந்த 'அட' வராத வாக்கியம் என்றால் இன்னொன்று தேடுங்கள்.

இப்போது தேதி. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பழைய பதிப்பு இந்தக் கவிதையை 1325-ஐ ஒட்டியது என்று போட்டிருந்தது. இன்றைய ஆய்வாளர்கள் 14-ஆம் நூற்றாண்டின் பின்பகுதி என்கிறார்கள். அதே கவிதை, அதே வரி, தேதி மட்டும் ஐம்பது ஆண்டுக்கு மேல் நகர்ந்துவிட்டது. அதனால்தான் இலவசமாகக் கிடைக்கிற பழைய பதிப்பிலிருந்து வாக்கியத்தை எடுங்கள், தேதியைப் புதிய அகராதியில் சரிபாருங்கள் என்கிறேன்.

இன்னொன்று. முதல் பதிவு என்பது பிறந்த தேதி அல்ல. எழுத்தில் சிக்குவதற்கு முன் சொல் வாயில் புழங்கியிருக்கும். '14-ஆம் நூற்றாண்டில் உருவானது' என்று எழுதாமல் '14-ஆம் நூற்றாண்டில் எழுத்தில் கிடைக்கிறது' என்று எழுதுங்கள்.

6. துண்டுகளுக்கு அன்றைய பொருளைப் போடுங்கள்

இப்போதுதான் சொல்லை உடைக்கலாம். முதல் படியிலேயே உடைத்திருந்தால் போர்டு என்றால் பலகை என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய ஆங்கிலத்தில் 'போர்ட்' என்பதற்குப் பலகை, மேசை, கப்பலின் பக்கவாட்டு என்று பல பொருள். கப்பல் பொருள் ஸ்டார்போர்டில் நிற்கிறது. அதில் நட்சத்திரம் இல்லை. சுக்கான் துடுப்பு இருந்த பக்கம், அதனால் வலப்பக்கம். மேசைப் பொருள்தான் நமக்கு வேண்டியது. அது செத்துப்போன பொருள் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று பெயர்ப்பலகை தொங்குகிறதே, அந்த போர்டிங் பலகை அல்ல, சாப்பாட்டு மேசை: சாப்பாடும் தங்குமிடமும். போர்டிங் ஸ்கூலில் பிள்ளைக்குச் சாப்பாடு உண்டு என்பதும் அதே மேசை. கம்பெனி டைரக்டர்கள் சுற்றி உட்காரும் மேசை, பிறகு உட்காருகிறவர்களுக்கே பெயராகி 'போர்டு' ஆனது. மின்வாரியத்தை போர்டு என்று நாம் சொல்வதன் அடியிலும் ஒரு மேசை கிடக்கிறது.

கப் என்ற துண்டில் பெரிய மர்மம் இல்லை. லத்தீன் 'குப்பா' வழியாகப் பழைய ஆங்கிலத்துக்கு வந்தது, பொருள் அன்றும் கோப்பைதான். ஆனால் அன்றைய பெரிய வீட்டுக் கோப்பை என்றால் வெள்ளிப் பாத்திரம். வந்தவர்கள் பார்க்க எடுத்து வைக்கிற சொத்து.

இரண்டையும் சேருங்கள்: கோப்பைகளை எடுத்து வைக்கும் மேசை. 2-ஆம் படியில் இடித்த இரண்டு கேள்வியில் ஒன்று தீர்ந்தது. கதவு இன்னும் பாக்கி.

7. பொருள் நகர்ந்த பாதையை ஒவ்வொரு அடியாகக் கட்டுங்கள்

மேசையிலிருந்து ஒரே தாவலில் பெட்டிக்குப் போகக் கூடாது. பொருள் தாவாது, பக்கத்து வீட்டுக்குத்தான் குடிபோகும். மேசை மேல் கோப்பைகளை அடுக்கத் தட்டுகள் வந்தன. தட்டுகளை மூடக் கதவு வந்தது. கதவு வந்த பிறகு உள்ளே கோப்பைதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போனது. 16-ஆம் நூற்றாண்டில், கதவு வைத்த, உணவுப்பொருள் வைக்கிற பெட்டி என்ற பொருளில் கப்போர்டு எழுத்தில் வந்துவிடுகிறது.

இங்கே பலரும் கேட்க மறக்கும் கேள்வி: அதற்கு முன் கதவு வைத்த பெட்டியை என்னவென்று சொன்னார்கள்? அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சொல் உட்கார்ந்திருந்தது, 'ஆம்ப்ரி'. லத்தீன் 'அர்மாரியம்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வடிவம் அது. கப்போர்டு வளர வளர ஆம்ப்ரி ஒதுங்கி, தேவாலயச் சுவர் மாடத்துக்கு மட்டும் பெயராகச் சுருங்கிப்போனது. அதே அர்மாரியம் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து நம் அலமாரி ஆனது. அகராதியில் 'கப்போர்டு: அலமாரி' என்று பார்க்கும்போது, தோற்ற சொல்லின் தம்பி ஜெயித்த சொல்லுக்கு மொழிபெயர்ப்பாக நிற்கிறான்.

பாதை கட்டும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாக்கியச் சான்று வேண்டும். சான்று இல்லாத அடியை நோட்டில் புள்ளிக்கோடாகப் போடுங்கள். 'இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்' என்பது சான்று அல்ல.

8. கதை ஏதாவது சுற்றுகிறதா? பிடித்துச் சோதியுங்கள்

கப்போர்டுக்குப் பெரிய கதை இல்லை, அதனால் வேறு சொல். சர்லாயின் என்ற மாட்டிறைச்சித் துண்டை ஒரு அரசன் ரசித்துச் சாப்பிட்டு, வாளால் தொட்டு 'சர்' பட்டம் கொடுத்தான் என்பார்கள். எந்த அரசன் என்று கேளுங்கள். ஒருவர் எட்டாம் ஹென்றி என்பார், இன்னொருவர் முதலாம் ஜேம்ஸ், மற்றொருவர் இரண்டாம் சார்லஸ். கதாநாயகன் மாறிக்கொண்டே இருக்கிற கதை பெரும்பாலும் கட்டுக்கதை. 4-ஆம் படியைச் செய்தாலே தெரிந்துவிடும்: பழைய வடிவத்தில் முதல் துண்டு பிரெஞ்சு 'சுர்', அதாவது மேல். இடுப்புக்கு மேற்பக்கத் துண்டு, அவ்வளவுதான்.

டெட்லைன் இதைவிடக் கடினம், ஏனென்றால் அதில் கதை பாதி உண்மை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜார்ஜியாவில், 1864-இல் திறந்த ஆண்டர்சன்வில் சிறைமுகாமில், மதிலுக்கு உள்ளே சுமார் 20 அடி தள்ளி ஒரு தாழ்ந்த மரக்கட்டை வேலி. அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுடலாம். அதற்குப் பெயர் 'டெட் லைன்'. முகாம் அதிகாரி ஹென்றி வர்ஸ் மீது 1865-இல் நடந்த விசாரணையின் குற்றச்சாட்டிலேயே இந்தச் சொல் வருகிறது. இதுவரை கெட்டியான சான்று.

ஆனால் இன்று நம் மேனேஜர் சொல்கிற டெட்லைன், நேரக் கெடு. அந்தப் பொருள் 1910-களுக்குப் பிறகு அமெரிக்கப் பத்திரிகை உலகத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. நடுவில் சுமார் ஐம்பது ஆண்டு. அந்த இடைவெளியின் கடைசியில் அச்சகத்தார் வழக்கு ஒன்று இருக்கிறது: அச்சு எந்திரத்தில் ஒரு கோடு, அதற்கு வெளியே வைத்த எழுத்து அச்சாகாது. கெடு என்ற பொருள் சிறைக்கோட்டிலிருந்து வந்ததா, அச்சுக்கோட்டிலிருந்து வந்ததா? நோட்டில் இரண்டையும் எழுதி, நடுவே புள்ளிக்கோடு போடுங்கள். 'கைதிகளைச் சுட்ட கோடுதான் நம் டெட்லைன்' என்று ஒரே வரியில் எழுதுகிறவர் இந்த ஐம்பது ஆண்டை விழுங்கிவிடுகிறார்.

9. ஒரே கற்பனை, ஒரே குடும்பம் அல்ல

தமிழ் தெரிந்தவர்களுக்கென்றே உள்ள சறுக்கல் இது. விண்டோ என்ற சொல் ஸ்காண்டிநேவியாவில் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'விண்ட்-அவுகா', காற்றின் கண். இதைக் கேட்டதும் எங்கள் குழுவில் ஒரு தமிழாசிரியர் துள்ளிவிட்டார். சிலப்பதிகாரத்தில் 'மான்கட் காலதர்' வருகிறதே! கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி; மான் கண் போன்ற வடிவில் காற்று வரும் வழி. காற்றும் கண்ணும் இரண்டிலும் இருக்கின்றன. பலகணியிலும் கண் இருக்கிறது.

அழகுதான். ஆனால் உறவு இல்லை. சுவரில் ஓட்டை போட்டால் காற்று வரும், வெளியே பார்க்கலாம். இரண்டு ஊரிலும் மக்கள் அதைப் பார்த்து அதே உருவகத்தைத் தொட்டார்கள். உறவென்று சொல்ல வேண்டுமானால் சொல் பயணம் செய்த வழி வேண்டும்: யார், எப்போது, எந்தத் துறைமுகம். அலமாரிக்கும் கட்டுமரத்துக்கும் அந்த வழி இருக்கிறது. இதற்கு இல்லை.

10. நோட்டில் கடைசிப் பக்கம் எப்படி இருக்க வேண்டும்

கப்போர்டுக்கு என் பக்கம் இப்படி இருக்கிறது. '14-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் எழுத்தில் கிடைக்கிறது. துண்டுகள்: கோப்பை, மேசை. பொருள்: கோப்பை வைக்கும் மேசை, சான்று, வெள்ளை விரிப்பு. 16-ஆம் நூற்றாண்டில் கதவு வைத்த பெட்டி. இடம் இழந்த சொல்: ஆம்ப்ரி. ஒலி ஒட்டியது: பழைய எழுத்து வடிவங்கள், 1805 பாட்டின் எதுகை.' தட்டுகள் வந்த இடத்தில் மட்டும் இன்னும் புள்ளிக்கோடு.

அடுத்த சொல்லாக பிரேக்ஃபாஸ்டை எடுங்கள். 15-ஆம் நூற்றாண்டிலேயே கிடைக்கிறது, துண்டுகளும் வெளிப்படை: இரவு நோன்பை முறித்தல். அதில் கை பழகிய பிறகு டின்னர் எப்படி வந்தது என்று பாருங்கள். அதன் அடியிலும் நோன்பு முறிக்கிற லத்தீன் சொல்தான் இருக்கிறது. லார்டு என்ற சொல்லை மூன்றாவதாக வையுங்கள். கூட்டுச்சொல் மாதிரியே தெரியாது. பாஸ்வொர்த்–டோலரில் 'ஹ்லாஃப்வேர்ட்' என்று தேடுங்கள், உள்ளே ஒரு ரொட்டியும் அதற்குக் காவல்காரனும் இருப்பார்கள்.